கூட யார் இருக்காங்க?

“தம்பி எங்க படுப்பாரு?” என்று கேட்டாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டைப் பார்க்க வந்திருந்த நர்ஸ்.

“ஹால்லதான். அண்ணன் குறட்டை விட்டா நான் தூங்கலாம், குறட்டை நின்னா எந்திரிக்கணும்” என்றார் தம்பி. கடைக்குப் போய்வந்த மழைக்கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

நர்ஸ் குளியலறையை எட்டிப் பார்த்தாள். குவளையில் இரண்டு பிரஷ். திருப்தியாகத் தலையாட்டினாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்கியவர். அவருடைய இதயம் பாதி வழியில் நின்றுவிடப் பார்த்ததால், நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைத்திருந்தார்கள். வயிற்றோரமாக வெளியே வரும் வயர், இடுப்புப் பெட்டிக்கும் இரண்டு பேட்டரிகளுக்கும் போகிறது.

மாற்று இதயம் கிடைக்கும்வரை இப்படித்தான் ஓட்ட வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை: வீட்டில் கூட ஓர் ஆள் இருக்க வேண்டும். தனிக்கட்டை என்றால் இதயத்துக்கான வரிசையில் இடமில்லை.

“எதுக்கும்மா இவ்வளவு கெடுபிடி?” என்றார் அண்ணன்.

“நீங்க மயங்கி விழுந்தா எங்களுக்கு யாரு போன் பண்றது? பம்பா பண்ணும்? இதயம் வர்ற அன்னிக்கு வாங்கிக்க நீங்க இருக்கணுமில்ல?”

நியாயம்தான். பம்ப் ரத்தத்தைத் தள்ளும்; சாப்பிட்டாயா என்று கேட்காது.

நர்ஸ் தம்பி பக்கம் திரும்பினாள். “பேட்டரி எப்படி மாத்துவீங்க, சொல்லுங்க.”

“ஒண்ணு ஒண்ணாத்தான். ரெண்டையும் சேத்துக் கழட்டினா அண்ணன் சுவத்துல படமாத் தொங்குவாரு. வயர் வர்ற இடம் நனையக் கூடாது. அதுக்காக இவரு குளிக்கவே மாட்டேங்கறாரு.”

“யாருடா குளிக்கல? நேத்துகூடக் குளிச்சேன்!”

“துண்டை நனைச்சா அதுக்குப் பேரு குளியலா அண்ணே?”

நர்ஸ் சிரித்துவிட்டாள். “ராத்திரி அந்தப் பம்ப் சத்தம் தொந்தரவா இல்லியா?”

தம்பி கொஞ்சம் யோசித்தார். “கேட்டுக்கிட்டே கிடந்தா எரிச்சல். கேக்காத மாதிரி இருந்தா பயம்.”

“கட்டின பொண்டாட்டிங்ககூட இப்படிச் சொன்னதில்லைங்க” என்று நர்ஸ் அசந்துபோனாள்.

அப்போது ‘பீப்’ என்று ஒரு சத்தம். இருவர் கையும் சட்டென்று அவரவர் இடுப்புக்குப் போனது.

“பயப்படாதீங்க, என் போன்தான்” என்றாள் நர்ஸ். “அவரு தொட்டுப் பாக்கறாரு, சரி. உங்களுக்கென்ன?”

“கூடவே கிடந்து எனக்கும் தொத்திக்கிச்சும்மா.”

நர்ஸ் பையை மாட்டிக்கொண்டாள். “இனிமே கவலையில்ல சார். வரிசையில உங்களைச் சேக்கச் சொல்லிடறேன். இப்படி ஒரு தம்பி எத்தனை பேருக்கு வாய்க்கும்?”

“பொறந்ததுலேருந்து என் தலையெழுத்து” என்றார் அண்ணன்.

கதவு சாத்தியதும் வீடு பழையபடி ஆகிவிட்டது. அண்ணன் ஜன்னலோரம் நின்று, நர்ஸின் குடை தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் வெறும் தெருவையும் பார்த்தார். அந்த அறை இத்தனை பேச்சைக் கேட்டு வெகுநாளாயிற்று.

தம்பி மழைக்கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தார். “அப்ப நான் கிளம்பட்டுங்களா?”

அண்ணன் திரும்பினார். “அதுக்குள்ளயா? ஒரு டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்களேன்.”

“என் பேட்டரியும் தீரப்போகுது சார், வெள்ளிக்கிழமை எங்க ஆஸ்பத்திரிக்காரங்க என் வீட்டுக்கு வர்றாங்க, அங்கயும் நீங்கதான் அண்ணன்!”