நான்காவது வக்கீல்

வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் லிஃப்ட் மெக்கானிக் முதல் குறையைக் கண்டுபிடித்துவிட்டான். தலைக்கு மேலே மின்விசிறி ஆடுகிறது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் மனைவி, கணக்கு டீச்சர், தன் பங்குக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கண்ணால் காட்டினாள். அது மெதுவாக ஓடி, நேரத்தில் நன்றாகவே பின்தங்கியிருந்தது.

யாரிடம் என்ன குறை என்று பார்ப்பதில் கல்யாணமான நாளிலிருந்தே இருவருக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஆரம்பித்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம்.

வீட்டை விற்க வேண்டும். விற்றால்தான் மற்ற காரியங்கள் நடக்கும். வாங்க ஆள் கிடைத்தாயிற்று, விலையும் படிந்துவிட்டது. பத்திரம் எழுதிப் பதிவு வரைக்கும் கொண்டுபோக ஒரு வக்கீல்தான் பாக்கி.

வாங்குகிறவர்களும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் வக்கீல் யாரென்று சொல்லாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்வோம் என்று காலையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் பார்த்த வக்கீலின் மேஜையில் ஒரு தாள்கூட இல்லை. வேலை வெட்டி இல்லாத ஆள் என்று படியிலேயே தள்ளுபடி செய்தான் அவன்.

இரண்டாமவர் மேஜையில் கட்டுக் கட்டாகக் காகிதம், அதற்குப் பின்னால் எங்கேயோ ஆள். நம் பத்திரம் இதற்குள் விழுந்தால் மண்வெட்டி வைத்துத்தான் தோண்ட வேண்டும் என்றாள் அவள்.

மூன்றாமவர் தேனொழுகப் பேசினார். அப்படிப் பேசுகிறவரை நம்பக் கூடாது என்பதில் இருவருக்கும் துளிக்கூடக் கருத்து வேறுபாடு இல்லை.

ஒவ்வொரு முறையும் படி இறங்கும்வரை சிரித்தார்கள். தெருவுக்கு வந்ததும் அவன் ஸ்கூட்டர் பக்கமும் அவள் பஸ் நிறுத்தத்துப் பக்கமும் போனார்கள்.

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டை கட்டிய முழங்காலைத் தேய்த்தார்.

"வீட்டைப் பாக்காம நான் பத்திரத்துல கை வைக்க மாட்டேன். ரெண்டு பேரும் சேந்து நின்னு காட்டணும், ஒருத்தர் இல்லேன்னா திரும்பிப் போயிடுவேன். கால் வேற படுத்துது, அதனால வாரத்துக்கு ஒரு ரூம்தான். வாங்குறவங்ககிட்ட நானே பேசிக்கிறேன். அவசரம்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளக் கைகாட்டறேன்."

உலகத்தில் எந்த வக்கீலும் இப்படி ஒரு கூத்து அடிக்கமாட்டார். இருவரும் எழுந்து போகவில்லை.

டீச்சர் மனசுக்குள் கூட்டினாள். ஹால், சமையலறை, இரண்டு அறைகள், மொட்டை மாடி, பின்பக்கம். விடை உடனே வந்துவிட்டது, ஆறு வாரம். வந்த விடையை இன்னொரு தரம் கூட்டிப் பார்த்துக்கொண்டாள்.

மெக்கானிக்குக்குக் குழாய் ஞாபகம் வந்தது. ஊரிலிருக்கும் லிஃப்டை எல்லாம் ஓடவைத்தவன், சொந்தச் சமையலறையில் சொட்டும் குழாயைச் சரிசெய்ததில்லை. அதை வைத்து அவனை அவள் படுத்தாத பாடு இல்லை. வக்கீலம்மா முன்னாலும் நிச்சயம் சொல்வாள்.

சொல்லட்டும் என்று ஆசையாக இருந்தது. அவள் அவனைக் குறை சொல்லியே ரொம்ப நாளாயிற்று. ஊர்க்குறையெல்லாம் பேசுகிறவள், அவன் குறையை மட்டும் விட்டுவிட்டாள்.

"அது சரி, வித்துட்டு எங்க போறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார் வக்கீலம்மா.

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"ஒர்க்‌ஷாப் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன்."

"ஸ்கூலுக்குப் பின்னாடி ஒரு மாடி போர்ஷன்."

வக்கீலம்மா அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டைரியை இழுத்துப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமை வரேன். மொதல்ல சமையல்கட்டு," என்றார்.

படி இறங்கினார்கள். மின்விசிறியைப் பற்றி அவன் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை. முழங்கால், வாரத்துக்கு ஒரு ரூம், எல்லாம் வாய் வரைக்கும் வந்து நின்றது. கடைசிப் படி வரைக்கும் ஒரு குறைகூட வெளியே வரவில்லை.

முன்பு பார்த்த மூன்று வக்கீல்களும் தவறாமல் ஒரு வாக்கு கொடுத்திருந்தார்கள். பத்தே நாளில் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று.

அந்தக் குறையை மட்டும் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

தெருவில் நின்று, வாங்குகிறவர்களுக்குப் போன் போட்டு வக்கீல் பெயரைச் சொன்னான். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஸ்கூட்டர் பக்கம் நடந்தான்.

"ஏங்க."

அப்படி அவள் கூப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது. சமீபகாலமாக எல்லாமே மொட்டைப் பேச்சுதான். யாரையோ கூப்பிடுகிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஞாயித்துக்கிழமை அந்தம்மா வந்து அந்தக் குழாயப் பாத்தா மானம் போயிடும். இத்தன வருஷமா ஒரு வாஷர் மாத்தத் துப்பில்ல. வாங்க, கடையப் பூட்டறதுக்குள்ள வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம்."

அவன் ஸ்கூட்டரின் பின்சீட்டில் இத்தனை மாதமாகக் கட்டிவைத்திருந்த கருவிப் பையை அவிழ்த்து, கால் வைக்கும் இடத்தில் இறக்கினான்.

பின்சீட்டைக் கையால் துடைத்துவிட்டான்.