வெள்ளவத்தை வேட்பாளர்

“ஒவ்வொரு தேர்தலிலயும் நாங்கள் கொழும்பில ஏன் தோக்கிறம், தெரியுமோ?”

சுயேச்சை வேட்பாளர் விமலேந்திரன் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் சோபாவில் இருந்து கேட்டார். என் மனைவி வடைத் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“எங்கட சனம் இருக்கிறது இஞ்ச. வோட்டுப் பதிஞ்சு வைச்சிருக்கிறது யாழ்ப்பாணத்தில! பிறகு இஞ்ச ஆர் போடுறது?”

பழைய தேர்தல் முடிவுகளை வருடவாரியாக ஒப்புவித்தார். கொஞ்ச வாக்குகளால் கைவிட்டுப்போன சீட்டுகளைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. என் மனைவி கண்ணைத் துடைத்தாள்.

“உங்கட வோட்டு இஞ்சதானே?”

“ஓம், ஓம், இஞ்சதான். உங்களுக்குத்தான்” என்று அவள் முந்திக்கொண்டு, இன்னொரு வடையை வைத்தாள்.

தேர்தலுக்கு முதல்நாள் மாலை, வாக்குப் போடுவதற்காக இருவரும் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினோம். முன்சீட்டில் தொப்பியும் மாஸ்க்குமாக ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

விமலேந்திரன்!

“என்னண்ணை, நாளைக்குத் தேர்தல். நீங்கள் எங்க போறியள்?”

“என்ர வோட்டும் யாழ்ப்பாணத்தில, மானிப்பாயிலயெல்லோ” என்று முணுமுணுத்தார். பிறகுதான் எங்கள் பயணப் பைகளைக் கண்டார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு சீட்டிலிருந்து எழும்பியே விட்டார்.

“பாத்தீங்களே, இப்பிடித்தான் நாங்கள் தோக்கிறம்!”