பறக்கிறதைப் பிடிக்கிற லென்ஸ்

"பறக்குற பூச்சிய கிட்டத்துல படம் எடுக்கணும்ணே. இன்னா லென்ஸ் போடணும்?"

கோகிலவாணி இப்படிக் கேட்டதும் ஸ்டுடியோ தெய்வசிகாமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்வராயன் மலையில் தான் எடுத்த தட்டான் படத்தைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

"நூறு எம்.எம். மேக்ரோ போடும்மா. சின்ன லென்ஸ்னா ரொம்பக் கிட்டப் போவணும், பறந்துடும்."

"லைட்டு?"

"ஃபிளாஷ பக்கவாட்டுல வச்சி, மேல பட்டர் பேப்பர் ஒட்டிக்கோ. நேரா அடிச்சா வெளிச்சம் ஜாஸ்தியாயி றெக்க வெளுத்துடும். இந்தா, எடுத்துப் பாரு."

கேமராவைக் கொடுத்தவரின் முன்கையில் அந்த நேரம் பார்த்து ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அவர் அடிக்கவில்லை. கலைக்காகக் கொஞ்சம் ரத்தம் போனால் போகட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அசையாதீங்கண்ணே!"

படத்தைப் பார்த்து அவரே அசந்துபோனார். கொசுவின் சிவந்த வயிறு, கால் ரோமம், அதன் காலடியில் அவர் பச்சை குத்தியிருந்த சொந்தப் பெயர், எல்லாம் அத்தனை துல்லியம்.

"பிரமாதம்! போட்டிக்கு அனுப்பப் போறியா?"

"இல்லண்ணே, கலெக்டருக்கு. கொசு மருந்து அடிக்கச் சொல்லி நாங்க குடுத்த மனுவ, 'வார்டுல கொசுவே இல்ல'ன்னு திருப்பி அனுப்புன கவுன்சிலர் நீங்கதானே?"