டம்ளர் சொன்ன அளவு

பாலில் எவ்வளவு வைட்டமின் இருக்கிறதென்று டம்ளரே அளந்து சொல்லும் வசதி அந்த வருடம்தான் வீடுகளுக்கு வந்தது. பால் நிறுவன ஆய்வகத்தில் ஒன்பது வருடமாகப் பாலின் தரச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் மெஹருன்னிஸா, ஆசையாக ஒன்றை வாங்கி மகளுக்குத் தங்கள் நிறுவனப் பாலை ஊற்றினாள். பாக்கெட்டில் அச்சிட்டிருந்த வைட்டமின் டி-யில் பாதிகூட இல்லை. மூன்று பாக்கெட் மாற்றியும் எண் மாறவில்லை.

வைட்டமின் டி குறைவால் மகள் ஷஃபானாவின் கால்கள் வளைந்தபோது, "ஒழுங்காப் பால் குடிச்சாத்தானே" என்று எத்தனை முறை திட்டியிருக்கிறாள்.

"நீ ஒழுங்காத்தான் குடிச்சிருக்கே. எங்க லேப் மெஷின்தான் தப்பா அளந்திருக்கு" என்றாள்.

ஷஃபானா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப எங்க கிளாஸ் புள்ளைங்களும் இதே பாலைத்தானேம்மா குடிக்கிறாங்க?"

மறுநாள் மெஹருன்னிஸா எந்தச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடவில்லை. ஒன்பது வருடமாக உறையவைத்திருந்த பால் மாதிரிகளை, மறுபடி அளந்து பார்க்க, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.