ஏழாம் பீப்பாய்

தலைமைச் சுவைஞர் கதவைத் தாமே எழுந்து சாத்தினார். மேசைமேல் மூன்று கறுப்புக் கோப்பைகள் வரிசையாக நின்றன. சுவைஞர்களில் ஒருத்தியான அவள், மற்றவர்களின் காலி நாற்காலிகளைப் பார்த்தாள்.

"உக்காரும்மா. ரெண்டு கோப்பையில மூணாம் பீப்பாய், ஒண்ணுல ஏழாம் பீப்பாய். எது எதுன்னு எனக்கும் தெரியாது. வித்தியாசம் தெரியுதான்னு நீ சொல்லணும்."

"நான் மட்டுமா சார்? மத்தவங்க வரலையா?"

"நீ மட்டும் போதும்."

அந்த பியர் ஆலையில் அவளுக்கு 'மூக்கரசி' என்று பட்டம். மூன்று வாரத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது வாசனை அனைத்தையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விட்டது. அரசி நாடிழந்த செய்தி அவள் கணவனுக்கும் தெரியாது.

இதுவரை ஆறு பேருக்கு நடுவே அமர்ந்து ஒப்பேற்றினாள். அவர்கள் செர்ரி என்றால் இவளும் செர்ரி; அவர்கள் உலர்திராட்சை என்றால் இவளும் உலர்திராட்சை. இன்று பார்த்து எழுத ஒரு முகமும் இல்லை.

மூக்குப் போனால், யாராயிருந்தாலும், மறுநாள் இந்த அறையில் இடமில்லை. அது ஆலையின் சட்டம். சென்ற ஆண்டு அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இப்போது பின்கட்டில் பாட்டில் கழுவுகிறார். அவரை எதிரே கண்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். அவளும் அப்படித்தான் போயிருக்கிறாள்.

கதவு லேசாகத் திறந்தது. கிடங்கைக் காக்கும் பீப்பாய் அண்ணன் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"சார், வராந்தாவுல பெயின்ட் அடிக்கிறாங்க. மண்டையப் பிளக்குது! இந்த நாத்தத்துல எப்படி டேஸ்ட் பண்றது? நாளைக்கு வச்சுக்கலாமே."

அவள் அவசர அவசரமாக மூக்கைச் சுளித்துக் காட்டினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கதவச் சாத்திட்டுப் போங்க" என்றார் தலைமைச் சுவைஞர், நிமிர்ந்தும் பாராமல்.

"போறேன். ஆனா ஏழாம் பீப்பாய்ல ஈரச்சாக்கு நாத்தம் அடிக்குதுன்னு நான் சொன்னது சொன்னதுதான். அது கடைக்குப் போச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிடும். மூக்கரசி, நீயாவது அவருக்கு எடுத்துச் சொல்லும்மா!"

கதவு மூடியது. அவள் முதல் கோப்பையை இரு கைகளாலும் ஏந்தினாள்.

கறுப்புக் கண்ணாடி மறைத்தாலும் அதன் நிறம் அவளுக்கு மனப்பாடம்; அந்தி வெயிலை வடித்தெடுத்தாற் போன்ற செம்பொன். பெல்ஜியப் பாணியில் காய்ச்சிய, 'அம்பர் ஏல்' எனும் அந்த பியரை முகர்ந்தால் முதலில் கனிந்த செர்ரி வரும், அதன் பின்னே உலர்திராட்சை வரும், கடைசியில் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினாற் போல ஒரு சிலிர்ப்பு வரும்.

இன்று வந்தது குளிர்ச்சி மட்டுமே. ஒரு மிடறு உறிஞ்சினாள். மெல்லிய இனிப்பு, நாவின் ஓரத்தைச் சீண்டும் இளம்புளிப்பு, தொண்டையடியில் சிறு கசப்பு. பழம் எங்கே? சந்நிதி திறந்திருக்க, உள்ளே தெய்வம் இல்லாதது போலிருந்தது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

அவர் கண்கள் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை. கையிலிருந்த பென்சில் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"செர்ரி வருதாம்மா?"

"வ... வருது சார்."

"எதுல குறையுது? நல்லா மோந்து பாத்துச் சொல்லு."

பீப்பாய் அண்ணன் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாற்றம் எந்தக் கோப்பையில்? நல்லதைக் காட்டிக் கெட்டது என்றால் அக்கணமே குட்டு உடைந்துவிடும். மீண்டும் முகர்ந்தாள், மூச்சுதான் போய் வந்தது. கழுத்தடியில் வியர்வை இறங்கியது.

"என்னம்மா, வேர்த்துக் கொட்டுது? ஒரு வார்த்த சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?"

அவர் குரல் தழுதழுத்தது. சினத்தை அடக்குகிறார் என்று அவள் எண்ணினாள். மூன்று வாரப் பொய்யின் பாரம் அத்தனையும் ஒரே நொடியில் நெஞ்சை அழுத்தியது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். இனிமே மறைக்க எனக்குத் தெம்பில்ல. எத்தன தடவ மோந்தாலும் எனக்கு மூணும் ஒண்ணாத்தான் இருக்கு. ஒரு வித்தியாசமும் தெரியல."

"நிஜமாவா சொல்ற?"

"சத்தியமா சார்."

நாற்காலி தேயும் ஒலி கேட்டது, அவர் எழுந்துவிட்டார். பின்கட்டின் ஈரத் தரையும் பாட்டில் குவியலும் அவள் மூடிய இமைகளுக்குள் விரிந்தன. இடி விழக் காத்திருந்தாள்.

விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, 'ஏழாம் பீப்பாய்: அனுப்பலாம்' என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார் அவர். முடித்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்து, அவளைப் பார்த்துச் சிறுபிள்ளையைப் போலச் சிரித்தார்.

"அப்பாடா! அந்த ஈரச்சாக்கு நாத்தம் எனக்கும் வரல; எங்க என் மூக்குதான் போயிடுச்சோன்னு ரெண்டு நாளா நடுங்கிட்டிருந்தேம்மா!"