நாற்பத்தொன்றாம் குழாய்

காலிக் குழாயில் கிருமி இருந்தது. ஆய்வாளரான அவள் கணினித் திரையை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். முடிவு மாறவில்லை.

நாற்பது குழாய்களில் காட்டோரத்து மாடுகளிடமிருந்து எடுத்த நாற்பது உண்ணிகளை அரைத்து ஊற்றியிருந்தார்கள். நாற்பத்தொன்றாவதில் வெறும் கரைசல் மட்டும். அதில் ஒன்றுமில்லை என்று வந்தால்தான் மற்ற முடிவுகளை நம்ப முடியும்.

"திங்கட்கிழமை இதையெல்லாம் தயார் பண்ணது யாரு?"

"நான்தான் மேடம்," என்றார் ஆய்வக உதவியாளர். பதினெட்டு வருட அனுபவம். எதைத் தொட்டாலும் ஒரு தடவை கை கழுவிவிடுகிறவர் என்பதால், ஆய்வகத்தில் அவருக்குக் 'கைசுத்தம்' என்றே பெயர்.

"கையுறை மாத்தாம தொட்டீங்களா? ஒண்ணுல இருந்தது இன்னொண்ணுல சிந்திருச்சா?"

அவர் கண்கள் சிவந்திருந்தன, சட்டை நேற்றையது. பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

"இந்த வாரம் பூரா இப்படித்தான். அரை நாள் போன்லயே இருக்கீங்க. கவனம் இங்க இருந்தாத்தானே."

"அது என்ன கிருமி மேடம்?"

"எதுவா இருந்தா என்ன? ரெண்டு மாச உழைப்பு பாழ். வெள்ளிக்கிழமை டைரக்டர்கிட்ட நான் எதைக் காட்டுறது?"

"பேரை மட்டும் சொல்லுங்க."

பதினெட்டு வருடத்தில் அவர் யாரிடமும் இப்படி விடாமல் கேட்டதில்லை. அவள் எரிச்சலோடு பட்டியலைத் திறந்தாள்.

ஓர் உண்ணியின் உடம்புக்குள் விதவிதமான கிருமிகள் கூட்டுக்குடித்தனம் நடத்தும். பெரும்பாலும் சாதுவானவை. சில இல்லாவிட்டால் உண்ணியே பிழைக்காது. நாற்பது குழாய்களிலும் அந்தச் சாதுக்கள்தான் இருந்தன.

"உண்ணிக் காய்ச்சல் கிருமி," என்றாள், காலிக் குழாயின் வரிசையில் விரலை வைத்து. "மனுஷனுக்குள்ள போனா ஆளையே சாய்ச்சிடும்."

"மருந்து இருக்கா?"

"இருக்கு. சாதாரண மாத்திரைதான். ஆனா உடனே ஆரம்பிக்கணும். வழக்கமா காய்ச்சலுக்குக் குடுக்கிற எதுவும் இதுக்குக் கேட்காது."

"ஆறாவது நாள் ஆரம்பிச்சா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதை விடுங்க, இது எந்தக் குழாயில இருந்து சிந்துச்சுன்னு முதல்ல..."

பாதியில் நிறுத்தினாள். நாற்பது வரிசைகளையும் மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலே.

"வேற எதுலயும் இது இல்லையே," என்றாள். குரலில் இப்போது கோபம் இல்லை. "அப்புறம் இதுக்குள்ள மட்டும் எப்படி வந்துச்சு?"

உதவியாளர் அவள் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பேனாவோடு அவள் முன்னால் வைத்தார்.

"அந்த மாத்திரை பேரை எழுதிக் குடுங்க மேடம். ஆஸ்பத்திரியில சாதாரண காய்ச்சல்னே சொல்லிட்டிருக்காங்க. உங்ககிட்ட கேட்டா வெளி சாம்பிளை இங்க சோதிக்கக் கூடாதுன்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவள் எழுதத் தொடங்கினாள். அவர் திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"அதுல நான் போட்டது, என் பொண்ணு காதுக்குப் பின்னாடி எடுத்த உண்ணி."