நாலு வருஷப் படிப்பு

"அப்பா, பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சுட்டா பழைய அடி தெரியாமப் போயிடுமா?"

டிங்கர் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே, நசுங்கின வண்டிகளை அவர் நிமிர்த்தித் தரும் பட்டறை பூட்டிக் கிடந்தது. மாடியில், சாப்பாட்டு மேசை முழுக்க மகள் காகிதங்களைப் பரப்பியிருந்தாள்.

"எதுக்குக் கேக்கிற?"

"விண்ணப்பத்துக்குத்தான். குற்றவியல் நீதி, நாலு வருஷப் படிப்பு. முதல் வருஷம் சட்டம். ரெண்டாவது வருஷம் தடயம். அப்புறம் கோர்ட்டு, ஜெயிலுன்னு நேர்ல போய்ப் பயிற்சி. ஆனா சேரணும்னா முதல்ல ஒரு கடிதம் எழுதணுமாம். நம்ம ஊர்ல முடிவு தெரியாமப் போன ஒரு வழக்கை எடுத்து, அதை எப்படி விசாரிப்பேன்னு ரெண்டு பக்கம்."

"உனக்குத்தான் கணக்கு நல்லா வருதே பாப்பா. வேற ஏதாவது படியேன். இதைப் படிச்சா காலையில எழுந்து திருடன் மூஞ்சியிலதான் முழிக்கணும்."

"நீங்க தினமும் நசுங்கின வண்டி மூஞ்சியில முழிக்கலையா?"

தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். "படிக்கட்டும் விடுங்க."

அவரும் சிரித்து வைத்தார். "எந்த வழக்கை எடுத்திருக்க?"

"தண்ணித் தொட்டி ரோட்டுல ஒரு வாட்ச்மேன் செத்தாரே, அது. பதினேழு வருஷம் ஆச்சு. வேலை முடிஞ்சு காலையில சைக்கிள்ல வீட்டுக்குப் போயிருக்கார். அடிச்ச வண்டி நிக்கவே இல்ல."

டிங்கர் மேசையில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்து, படிக்காமலே திருப்பி வைத்தார்.

"நூலகத்துல பழைய பேப்பரைத் தேடி எடுத்தேன்ப்பா. சைக்கிள்ல நீல பெயின்ட் ஒட்டியிருந்துச்சாம். அதைத் தவிர ஒரு துப்பும் இல்ல. ஆனா அடிச்ச வண்டியோட முன்பக்கம் கண்டிப்பா நசுங்கியிருக்கும் இல்லையா? நசுங்கினா யாராவது ஒரு டிங்கர் அதை நிமிர்த்தியிருப்பார். அப்ப இந்த ஊர்ல எத்தனை பட்டறை இருந்துச்சு?"

"மூணு." நாக்கைக் கட்டுப்படுத்துவதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"நம்மளதையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

அவள் காகிதத்தில் மூன்று கோடு போட்டாள். பிறகு அதில் ஒரு கோட்டை அடித்தாள். "அப்போ மத்த ரெண்டு பேரைத்தான் கேக்கணும்." அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். சந்தேகம் துளியும் இல்லாத அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

"பாவம்ப்பா அவர். மக ஒருத்தி இருக்காளாம், அப்போ ரெண்டு வயசு. இப்போ எங்க இருக்கான்னு விசாரிச்சுப் பார்க்கப் போறேன்."

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, நகல் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

டிங்கர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் அப்போது இருந்த நீல வேனை ஷட்டருக்குள் விட்டு, முகப்பைத் தன் கையாலேயே தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, வெள்ளை அடித்து, ஒரே மாதத்தில் வெளியூர்க்காரனுக்குத் தள்ளிவிட்டவர் அவர். அன்றிலிருந்து தண்ணித் தொட்டி ரோட்டில் காலை வைத்ததில்லை. பட்டறை வாசலில் காக்கிச் சட்டை நின்றால், வண்டி ரிப்பேருக்காகத்தான் என்று தெரியும் வரை அவருக்கு மூச்சு வராது. இப்போது அந்தக் காக்கிச் சட்டை வீட்டுக்குள்ளேயே வளர்ந்து நிற்கிறது.

"நீ அவகிட்டச் சொல்லு." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொன்னாக் கேப்பா. வேற படிப்பு, இல்லன்னா வேற வழக்கு. ஏதோ ஒண்ணு."

மனைவி குழாயை மூடினாள். "வழக்கை அவளாப் பிடிக்கல. நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"அந்தப் படிப்பையும்தான்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பதினேழு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து, அதைப் பற்றி வெளியாளிடம் ஒரு வார்த்தை பேசாதவள். அவளை நம்பித்தானே அவர் தூங்கி எழுந்தார்.

"தெரிஞ்சுதான் செய்யிறியா? போலீஸ் வந்தா இந்தக் குடும்பம் என்னாகும்னு யோசிச்சியா?"

"அன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போயிடலாம்னு சொன்னேன். கைக்குழந்தை இருக்கு, அவ வளரட்டும்னு கதவைச் சாத்தினீங்க. அப்புறம் பள்ளிக்கூடம் போகட்டும்னீங்க. அப்புறம் முழுப் பரீட்சை முடியட்டும்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "இப்ப தோளுக்கு மேல வளர்ந்துட்டா. இன்னும் எதுக்குங்க காத்திருக்கணும்?"

"உன் கால்ல விழறேன். வேணாம்."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் உள்ளே வந்தாள். "கடை பூட்டியிருக்குப்பா. என்ன, ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க?"

டிங்கர் கண்களை மூடிக்கொண்டார்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவை அவள் பக்கம் தள்ளினாள்.

"எழுதிக்கோ பாப்பா. உங்கப்பா வண்டியைத்தான் நிமிர்த்தினார். அன்னிக்கு அதை ஓட்டினது நான்."